பந்து எறிதல், பிடித்தல்: 3 முதல் 6 வயதுப் பிள்ளைகளுடன் செய்து பார்த்தவை

எறியக் கற்றுத்தருவது என்றதும் பெரும்பாலும் ஒரு வாளியை வைத்து, அதற்குள் பந்தைப் போடச் சொல்வதில்தான் தொடங்குகிறார்கள். முதலில் மாற்ற வேண்டியது இதைத்தான். வாளி பக்கத்தில் இருந்தால், குறி தப்பக் கூடாதே என்று பிள்ளை முழங்கையை உடம்போடு ஒட்டிக்கொண்டு பந்தைத் தள்ளிவிடும். இடுப்பு திரும்பாது, கால் பெயராது. பந்து வாளியில் விழும், ஆனால் எறியும் அசைவு அப்படியே நின்றுவிடும். வாளியை எடுத்துவிட்டு வெறும் சுவரைக் காட்டி, "எவ்வளவு பலமா முடியுமோ அவ்வளவு பலமா எறி, சத்தம் கேக்கணும்" என்று சொன்னால் கை பின்னால் போகிறது, தோள் திரும்புகிறது. வேகம் முதலில், குறி பிறகு.

பொருட்கள்

எறிவதற்குப் பிள்ளையின் விரல்கள் சுற்றிப் பிடிக்கும் அளவு வேண்டும். 6 முதல் 7 செ.மீ. விட்டம் சரியாக இருக்கும். ஒரு ஜோடி பழைய சாக்ஸை இறுக்கிச் சுருட்டி, வாய்ப்பகுதியை மேலே மடித்துவிட்டால் பந்து தயார். அது உருண்டு ஓடாது, பட்டால் வலிக்காது. கசக்கிய தாளின் மேல் டேப் சுற்றிய பந்தும் நல்லதுதான், சுவரில் பட்டால் சத்தம் கூடுதலாக வரும். பெரிய பந்தைக் கொடுத்தால் பிள்ளை இரண்டு கையாலும் தலைக்கு மேலிருந்து வீசப் பழகும். அந்தப் பழக்கத்தைப் பிறகு மாற்றுவது கடினம்.

பிடிப்பதற்கு நேர்மாறு: 20 முதல் 25 செ.மீ. விட்டமுள்ள லேசான பந்து. காற்றைக் கொஞ்சம் இறக்கிவிடுங்கள். முழுக்காற்று இருந்தால் கையில் பட்டதும் துள்ளி ஓடும். பந்தின் நிறம் பின்னாலிருக்கும் சுவரின் நிறத்தோடு கலந்துவிடாமலும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

10 செ.மீ. சதுரத்தில், 100 கிராம் தானியம் அடைத்துத் தைத்த துணிப்பை இரண்டு வேலைக்கும் உதவும். ஓரத்தை இரட்டைத் தையலாகப் போடுங்கள். பிரிந்தால் தானியம் வாய்க்கும் மூக்குக்கும் போகும். 3 வயதுக்கு உட்பட்ட பிள்ளை அருகில் இருந்தால் 4.5 செ.மீ.க்குக் குறைந்த பந்து எதுவும் இருக்கவே கூடாது, தொண்டையை அடைக்கும்.

எறிதல்

நன்றாக வேலை செய்தது "உன் பக்கம் காலி" விளையாட்டு. தரையில் நடுவே ஒரு கயிறு, இரு பக்கமும் பிள்ளைகள், பக்கத்துக்குப் பத்துப் பதினைந்து சாக்ஸ் பந்துகள். 30 விநாடிக்குள் தன் பக்கத்தில் உள்ளதை எல்லாம் எதிர்ப்பக்கம் எறிந்துவிட வேண்டும். யாரும் ஆட்டமிழப்பதில்லை, யாரும் வரிசையில் காத்திருப்பதுமில்லை. அந்த அரை நிமிடத்தில் ஒரு பிள்ளை எறியும் எண்ணிக்கை, வரிசை கட்டும் விளையாட்டில் கால் மணி நேரத்தில்கூட வராது. பந்து பட்டால் வெளியே போகச் சொல்லும் விளையாட்டுகள் இந்த வயதுக்கு வேண்டாம். பயிற்சி அதிகம் தேவைப்படும் பிள்ளைதான் அதில் முதலில் வெளியே உட்காரும்.

கால் அசைவு மூன்று படியாக மாறும். முதலில் இரண்டு காலும் ஊன்றியபடி கை மட்டும் அசையும். அடுத்து, எறியும் கை எந்தப் பக்கமோ அதே பக்கத்துக் கால் முன்னே வரும். கடைசியில்தான் எதிர்க்கால் வரும். வலது கையால் எறியும் பிள்ளைக்கு இடது கால். "எதிர்க்காலை வை" என்று சொன்னால் குழப்பம்தான் மிஞ்சும். தரையில் சாக்பீஸால் ஒரு கோடு போட்டு, பிள்ளையைப் பக்கவாட்டில், இடது தோள் சுவரைப் பார்க்கும்படி நிறுத்துங்கள். இடது செருப்பில் ஒரு ஸ்டிக்கர் ஒட்டி, "ஸ்டிக்கர் கோட்டைத் தாண்டட்டும், அப்புறம் எறி" என்றால் போதும். இடது கைப் பிள்ளைக்கு எல்லாமே மறுபக்கம். எந்தக் கை என்று தெரியாவிட்டால், பந்தைக் கையில் கொடுக்காமல் பிள்ளைக்கு நேர் எதிரே தரையில் வையுங்கள், பல தடவை. அதிகம் நீளும் கையை மாற்றச் சொல்ல வேண்டாம்.

பந்து போகும் திசையே தவறைச் சொல்லிவிடும். காலடியில் குத்தினால் பந்தைக் கையிலிருந்து விட்டது தாமதம். தலைக்கு மேலே கிளம்பினால் சீக்கிரம் விட்டாயிற்று. முதல் தவறுக்கு, பிள்ளையின் தலைக்கு மேலே ஒரு முழ உயரத்தில் கயிறு கட்டி, அதைத் தாண்டி எறியச் சொல்லலாம். இரண்டாவதற்கு, சுவரில் கண்மட்டத்துக்குச் சற்றுக் கீழே பெரிய வட்டம் வரையலாம். விளக்கம் தேவையில்லை, உயரம் மாறினால் கை தானாகவே திருத்திக்கொள்ளும்.

எதிர்க்கால் பெரும்பாலும் வரத் தொடங்கிய பிறகு வாளியைத் திரும்பக் கொண்டுவரலாம். 3 மீட்டரில் வைத்து, சாய்த்துவிடுங்கள். ஐந்தில் மூன்று விழுந்தால் ஓரடி பின்னே. பின்னே போகப் போக வாளிக்குப் பதில் பெரிய அட்டைப்பெட்டி வையுங்கள். தூரமும் கூடி இலக்கும் சிறுத்தால் கை மறுபடி தள்ளத் தொடங்கிவிடும்.

பிடித்தல்

எறிதலையும் பிடித்தலையும் ஒரே விளையாட்டில் சேர்க்க வேண்டாம். ஒரு சின்னப் பிள்ளை எறிவதை இன்னொரு சின்னப் பிள்ளை பிடிப்பது நடக்காத காரியம். பிடிக்கப் பழகும்போது பெரியவர்தான் எறிய வேண்டும்.

உட்கார்ந்து காலை விரித்து உருட்டுவதில் தொடங்குங்கள், 1 மீட்டர், பிறகு 2 மீட்டர். கண் பந்தைத் தொடரப் பழகுவது இங்கேதான். அடுத்து ஒரு துள்ளல்: 2 மீட்டர் தள்ளி நின்று, பாதியைத் தாண்டிப் பிள்ளைக்குச் சற்று அருகில் தரையில் குத்தும்படி விட்டால், பந்து வேகம் குறைந்து இடுப்பு உயரத்துக்கு எழும். அதன்பின் நேரடியாக, 1.5 மீட்டரிலிருந்து, கையைத் தாழ்த்தி நெஞ்சு உயரத்துக்கு. உயரமாகத் தூக்கிப் போட்டால் எளிது என்று தோன்றும். இல்லை, மேலிருந்து வரும் பந்து எங்கே இறங்கும் என்று இந்த வயதில் கணிக்க வராது.

கையை நேராக நீட்டி விறைப்பாக நிற்பதும், பந்தை நெஞ்சோடு அணைத்துப் பிடிப்பதும் வழக்கமான படிகள். அவற்றைத் திருத்த அவசரம் வேண்டாம். கவனிக்க வேண்டியது முகத்தைத் திருப்பிக் கண்ணை மூடுவது. அது பயம். "கண்ணை மூடாதே" என்று சொல்லி அது போகாது. மெல்லிய துணியை மேலே வீசிப் பிடிப்பது, கடற்கரைப் பந்து (காற்றடைத்த பெரிய, லேசான பிளாஸ்டிக் பந்து) ஆகியவற்றுக்கு இறங்கிவந்து, பயம் தெளிந்த பிறகு மேலே போகலாம். பலூனும் மெதுவாக இறங்குவதால் நல்லதுதான். ஆனால் வெடித்த துண்டை உடனே எடுத்துவிட வேண்டும், ஊதாத பலூனைக் கையில் தரவே கூடாது. இரண்டுமே மூச்சுக்குழாயை அடைக்கும்.

ஒரு தடவைக்கு 10 முதல் 15 நிமிடம் போதும். கை அணைப்பை விட்டு விரல்களால் பிடிக்கத் தொடங்கியதும் பந்தை 15 செ.மீ.க்குக் குறைத்து, பிள்ளை பக்கவாட்டில் ஓரடி நகர்ந்து பிடிக்கும்படி விடுவது அடுத்த வேலை.