ஐந்தரைக் கட்டைக்கு எத்தனை? டிரான்ஸ்போஸ் கணக்கு

பாட்டை சி மேஜரில் பழகியாயிற்று. பாடுபவர் தன் சுருதி ஐந்தரைக் கட்டை என்கிறார். சி-யை 1 கட்டை என்று வைத்து எண்ணினால் அது ஜி ஷார்ப். டிஜிட்டல் பியானோவில் டிரான்ஸ்போஸ், அதாவது விரலை மாற்றாமல் சுருதியை மட்டும் ஏற்றி இறக்கும் வசதி, இருக்கிறதே என்று நிம்மதி வரும். எந்த எண்ணைப் போடுவது என்பதில்தான் சறுக்கல்.

டிரான்ஸ்போஸில் ஒரு எண் என்பது ஒரு அரை ஸ்வரம். கறுப்பு, வெள்ளை இரண்டையும் சேர்த்து எண்ணினால் ஒரு கீ. ஒன்றிலிருந்து ஐந்தரைக்கு நாலரைக் கட்டை, கட்டைக்கு இரண்டு வீதம் 9 என்று போடுகிறவர்கள் உண்டு. தப்பு. 3 கட்டை ஈ, 4 கட்டை எஃப். நடுவில் கறுப்புக் கீ கிடையாது, மூன்றரைக் கட்டையும் கிடையாது. எனவே விடை 8. கட்டையை எண்ணாதீர்கள், கீயை எண்ணுங்கள்.

பல பியானோக்களில் எல்லை −6 முதல் +5 அல்லது +6 வரைதான். 8 போட முடியாது. ஒரு ஆக்டேவுக்கு 12 கீ; அதைக் கழித்து −4 போட்டால் அதே ஸ்வரம் ஒரு ஆக்டேவ் கீழே கிடைக்கும். சி-யிலிருந்து கணக்கிட்டால் 2 கட்டைக்கு +2, 4 கட்டைக்கு +5, 5 கட்டைக்கு −5, 6 கட்டைக்கு −3. கீழே இறக்கும்போது இடது கை கார்டுகள் (சேர்த்து அழுத்தும் ஸ்வரக் கூட்டங்கள்) குழம்பிப் போய் ஒலிக்கும். அந்தக் கார்டுகளை மட்டும் ஒரு ஆக்டேவ் மேலே தூக்கி வாசித்தால் தெளிந்துவிடும்.

மைனர் பாட்டில் இன்னொரு பொறி. வெள்ளைக் கீகளிலேயே ஏ மைனரில் பழகியிருந்தால் உங்கள் ஷட்ஜம் (ஆதார ஸ்வரமான ‘ஸ’) ஏ, சி அல்ல. அங்கிருந்து ஐந்தரைக் கட்டைக்கு வெறும் −1 போதும்.

எண்ணைப் போடும் முறை மாடலுக்கு மாடல் வேறு. திரை இருந்தால் கூட்டல், கழித்தல் பொத்தான். திரை இல்லாதவற்றில் ஒரு பொத்தானை அழுத்திப் பிடித்தபடி ஒரு கீயைத் தொட வேண்டும்; எந்தக் கீ என்பதைக் கையேட்டில் பார்த்து ஒரு துண்டுச் சீட்டில் எழுதிப் பியானோ மேல் ஒட்டிவிடுவது உத்தமம். பிறகு சி-யை அழுத்தி, ஐந்தரையில் வைத்த சுருதிப் பெட்டியோடு ஒத்துப் பாருங்கள். காது கூசுகிற அளவுக்கு முட்டினால் எண்ணிக்கை ஒன்று பிசகியிருக்கிறது. சேர்ந்தது போல இருந்தும் மெதுவாக அலை அடித்தால் அது டிரான்ஸ்போஸின் குற்றமல்ல, டியூனிங். ஒருவர் ஏ ஸ்வரத்தை 440 ஹெர்ட்ஸிலும் இன்னொருவர் 442-லும் வைத்திருந்தால், இருவரும் ஏ வாசிக்கையில் நொடிக்கு 2 அலை கேட்கும். அதற்குத் தனி அமைப்பு இருக்கிறது. டிரான்ஸ்போஸைத் தொட வேண்டாம்.

பெடலை மிதித்து ஒலி நீளும்போது எண்ணை மாற்றாதீர்கள். பழைய ஒலியும் புதியதும் கலந்து நாராசமாகும். பாட்டுக்கும் பாட்டுக்கும் நடுவில் மாற்றலாம். முடிந்ததும் பூஜ்யத்துக்குக் கொண்டுவந்துவிட வேண்டும்: சில மாடல்கள் அணைத்துப் போட்டால் மறந்துவிடும், சில நினைவில் வைத்துக்கொண்டு அடுத்த நாள் நம் காலை வாரும்.

கிட்டார்காரர் கார்டு கேட்டால் விரல் இருக்கும் பெயரைச் சொல்லாதீர்கள். −4-இல் உங்கள் கை சி, எஃப், ஜி போகும். காதில் விழுவது ஜி ஷார்ப், சி ஷார்ப், டி ஷார்ப். அவருக்கு வேண்டியது காதில் விழுவது. ஆர்மோனியக்காரர்களுக்கு இது புதிதல்ல. ஸ்கேல் சேஞ்சர் பெட்டியில் கீ வரிசையே பக்கவாட்டில் நகரும், பழகிய விரல் வேறு சுருதியில் பேசும்.

கணினியில் பதிவு செய்பவர்கள் மிடியை, அதாவது எந்தக் கீ என்று பியானோ கணினிக்கு அனுப்பும் தகவலை, கவனிக்க வேண்டும். சில பியானோக்கள் மாற்றிய ஸ்வரத்தை அனுப்பும், சில விரல் தொட்ட கீயையே அனுப்பும். மென்பொருளிலும் −4 இருந்தால் சேர்ந்து −8 ஆகிவிடலாம். பதிவைத் தொடங்குமுன் சி-யை ஒரு முறை தட்டி, திரையில் எந்தக் கீ பதிவாகிறது என்று பாருங்கள். ஜி ஷார்ப் வந்தால் மென்பொருளில் பூஜ்யம். சி-யே வந்தால் அங்கே −4.