“கோர்ட்டை மாத்திக் கொடுங்க சார்”

ஓசூர் பக்கம் வக்கீல் தொழில் பார்ப்பவனிடம் வழக்கை வேறு கோர்ட்டுக்கு மாற்றக் கேட்டு வருபவர்கள், பெரும்பாலும் ஒரே காரணத்தோடுதான் வருவார்கள்: “ஜட்ஜ் அவங்க பக்கம் சாயறாரு சார்.” என்ன நடந்தது என்று கேட்டால், எதிர்த்தரப்புக்குக் கூடுதலாக ஒரு வாய்தா கொடுத்திருப்பார். கூடவே, “அம்மா கேஸையே பெங்களூருக்கு மாத்தினாங்களே, நம்மளுது ஆகாதா?” என்பார்கள். 2003 நவம்பரில் சுப்ரீம் கோர்ட் அந்தச் சொத்துக்குவிப்பு வழக்கை மாற்றியபோது, குற்றம் சாட்டப்பட்ட ஜெயலலிதாவே முதல்வர். ஏற்கெனவே சாட்சி சொன்னவர்கள் திரும்ப அழைக்கப்பட்டு, பலர் பேச்சை மாற்றியிருந்தார்கள். ஒரு வாய்தா அதற்கு ஈடாகுமா?

நீதிபதி மேல் பழி எழுதினால், மேல் கோர்ட் அவரிடமே விளக்கம் கேட்கலாம். மனு தள்ளுபடியானால் அதே நீதிபதி முன்னால்தான் போய் நிற்க வேண்டும். கட்சிக்காரரின் கோபத்தை அப்படியே டைப் அடித்துக் கொடுக்கும் ஜூனியர்களைப் பார்த்தால் எனக்கு எரிச்சல்தான் வரும்.

எந்தக் கோர்ட்டில் கேட்பது என்பதிலும் எங்கள் ஊருக்கென்று ஒரு வேடிக்கை உண்டு. கிருஷ்ணகிரி மாவட்டத்துக்குள் சிவில் வழக்கை மாற்ற மாவட்ட நீதிபதியே போதும். தருமபுரிக்கு என்றால் சென்னை உயர் நீதிமன்றம். நாகப்பட்டினத்தில் கிடக்கும் வழக்குக்கும் அதே சென்னைதான். ஆனால் கர்நாடக எல்லையைத் தாண்டியதும் இருக்கிற ஆனேக்கல்லிலிருந்து ஒரு வழக்கை ஓசூருக்குக் கொண்டுவர டெல்லிக்கு, சுப்ரீம் கோர்ட்டுக்குப் போக வேண்டும். சிவில் நடைமுறைச் சட்டம் 25-ஆம் பிரிவு அப்படி.

அஞ்செட்டி பக்கத்துப் பெண் ஒருவர். கைக்குழந்தையோடு தாய்வீடு வந்துவிட்டார். கணவர் பெங்களூரில் விவாகரத்து போட்டுவிட்டார். பெண்ணின் அப்பாவும் ஜட்ஜைத்தான் திட்டினார். நான் பஸ்ஸைப் பற்றிக் கேட்டேன். “அதெல்லாம் எதுக்குங்க சார்?” என்றார் சலிப்போடு. காட்டு வழி, இருட்டில் கிளம்ப யானை பயம். அஞ்செட்டியிலிருந்து தேன்கனிக்கோட்டை, அங்கிருந்து ஓசூர், பிறகு அத்திப்பள்ளி நெரிசலைத் தாண்டி பெங்களூர். காலையில் பெயர் கூப்பிடும்போது அவர் இன்னும் வழியில்தான் இருப்பார். துணைக்கு வரும் அப்பாவுக்கு அன்றைய கூலி போகும். இதையெல்லாம் அபிடவிட்டில், அதாவது மனுவோடு தரும் பிரமாணப் பத்திரத்தில், பத்தி பத்தியாக எழுதினோம். திருமண வழக்குகளில் மனைவியின் வசதியை முதலில் பார்க்க வேண்டும் என்று சுப்ரீம் கோர்ட் பலமுறை சொல்லியிருக்கிறது. ஆனால் அந்த வசதிக் குறைவு என்ன என்று தாளில் இருந்தால்தானே பார்ப்பார்கள்?

மொழியைக் காரணமாகச் சேர்க்கலாம் என்றார் நண்பர் ஒருவர். வேண்டாம் என்றேன். அந்தப் பெண் கன்னடம் சரளமாகப் பேசுவார்; எங்கள் பக்கம் வீட்டில் ஒன்று, சந்தையில் ஒன்று என்று இரண்டு மூன்று மொழி புழங்குவது சாதாரணம். எதிர்த்தரப்பு அதை ஒரு வரியில் உடைத்தால், மற்றதையும் சந்தேகத்தோடு படிப்பார்கள்.

டெல்லி என்றதும் செலவை நினைத்து அப்பாவும் மகளும் எழுந்துவிட்டார்கள். பெண்களுக்கு வருமான வரம்பே பார்க்காமல் இலவச வக்கீல் உண்டு, 1987-ஆம் ஆண்டுச் சட்டம். கோர்ட் வளாகத்திலேயே இருக்கும் சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் மனு கொடுத்தால் சுப்ரீம் கோர்ட் வரை வழி இருக்கிறது. இதை ஏனோ யாரும் சொல்வதில்லை. ஜீவனாம்ச மனுவை அவர் குடியிருக்கும் இடத்திலேயே போடலாம் என்பதால், அதை மட்டும் இங்கே தாக்கல் செய்துவிட்டோம்.

மனு போட்டதும் பெங்களூருக்குப் போவதை நிறுத்திவிடலாமா என்று அப்பா கேட்டார். கூடாது. தடை உத்தரவு வராதவரை அங்கே வழக்கு ஓடிக்கொண்டேதான் இருக்கும். ஆஜராகாவிட்டால் ஒருதலைப்பட்சத் தீர்ப்பு. பிறகு மாற்றுவதற்கு வழக்கே இருக்காது. தடை கிடைக்கும் வரை அங்கே ஒரு வக்கீல் வாய்தாவைப் பார்த்துக்கொண்டார்.

மாற்ற உத்தரவு கிடைத்தது. அதன் பிறகும் வழக்குக் கட்டு தானாக வந்து சேராது. உத்தரவு நகலைப் பழைய கோர்ட்டில் கொடுத்து, அனுப்பினார்களா என்று விசாரித்துக்கொண்டே இருக்க வேண்டும். இங்கே வந்ததும் புது நம்பர் போடுவார்கள். பழைய நம்பரைச் சொல்லிக்கொண்டு கோர்ட் வராந்தாவில் காத்திருந்தால் பெயர் கூப்பிடுவது காதில் விழாமலே போய்விடும். அதனால் புது நம்பரை அந்த அப்பாவின் செல்போன் உறைக்குள் எழுதி வைத்துக் கொடுத்தேன்.