கோடையில் பல்கலைக்கழக ஆய்வகம்: பள்ளி அறிவியல் ஆசிரியர்கள் நுழைவதும் தேறுவதும்

அமெரிக்க உயர்நிலைப் பள்ளிகளில் அறிவியல் நடத்தும் தமிழர்கள் கேட்பது பெரும்பாலும் ஒரே கேள்விதான்: கோடையில் ஆய்வக வேலை கிடைக்க எந்தப் பல்கலைக்கழகம் நல்லது? பல்கலைக்கழகத்தின் பெயரை விடுங்கள். தினமும் உங்கள் பக்கத்தில் நின்று சொல்லித்தரப் போகிறவர் யார் என்று விசாரியுங்கள். பேராசிரியர் ஜூலையில் மாநாடுகளுக்குப் போய்விடுவார். கற்றுத்தருவது பிஎச்.டி. மாணவரோ, பிஎச்.டி. முடித்து அங்கே ஆய்வு செய்யும் போஸ்ட்டாக்கோதான். நேர்காணலில் அவரோடு பத்து நிமிடம் பேசவேண்டும் என்று கூசாமல் கேளுங்கள்.

அமெரிக்க தேசிய அறிவியல் அறக்கட்டளையின் நிதியில் நடக்கும் ஆர்.இ.டி. (ஆசிரியர்களுக்கான ஆய்வு அனுபவம்) திட்டங்கள்தாம் முக்கிய வழி. வழக்கமாக ஆறு வாரம், உதவித்தொகை உண்டு. இதில் இரண்டு வகை. ஒன்று, ஆசிரியர்களைக் குழுவாக எடுக்கும் மையங்கள். இவை வெளிப்படையாக விளம்பரம் செய்யும், போட்டியும் அதிகம். மற்றொன்றைப் பலர் கவனிப்பதில்லை. ஏற்கெனவே மானியம் பெற்ற பேராசிரியர், ஓர் ஆசிரியரைச் சேர்த்துக்கொள்ளக் கூடுதல் நிதி கேட்கலாம். இதற்கு விளம்பரம் வராது, நீங்கள்தான் எழுதவேண்டும். அதுவும் முந்தைய இலையுதிர்காலத்திலேயே. ஏப்ரலில் எழுதினால் பணம் வந்துசேர நேரமிருக்காது. மின்னஞ்சல் ஐந்தாறு வரி போதும்: எந்த வகுப்புக்கு என்ன பாடம் எடுக்கிறீர்கள், அவருடைய ஆய்வில் எது அந்தப் பாடத்தோடு சேர்கிறது.

இந்த நிதிக்குக் குடியுரிமையோ கிரீன் கார்டோ தேவை. எச்-1பி-யில் இருப்பவர்கள் வேறு திட்டத்தில் இடம் கிடைத்தாலும், பள்ளியைத் தவிர இன்னொருவரிடம் சம்பளம் வாங்கினால் விசாவுக்கே சிக்கல் வரும். கையெழுத்துக்கு முன் குடிவரவு வழக்கறிஞரிடம் கேட்டுவிடுங்கள்.

இயற்பியல் ஆசிரியர்களுக்கு 1999 முதல் குவார்க்நெட் என்ற திட்டம் இருக்கிறது, துகள் இயற்பியல் தரவோடு நேரடியாக வேலை செய்யலாம். கொலம்பியா பல்கலைக்கழகம் 1990-இல் தொடங்கிய திட்டம் ஆசிரியர்களை அடுத்தடுத்து இரண்டு கோடைகள் வரவழைத்தது. அதைப் பற்றி 2009-இல் வெளியான ஆய்வு என்ன காட்டியது தெரியுமா? அந்த ஆசிரியர்களின் மாணவர்கள் மாநிலத் தேர்வில் தேறிய விகிதம் சுமார் 10 விழுக்காடு கூடுதலாக இருந்தது, ஆனால் ஆசிரியர் திட்டத்தில் சேர்ந்த மூன்றாம், நான்காம் ஆண்டுகளில்தான். உடனே பலன் தெரியவில்லை என்று தலைமையாசிரியர் முகம் சுளித்தால் இதைக் காட்டுங்கள்.

முதல் வாரம் பாதுகாப்புப் பயிற்சி, கதவு அட்டை, கணினிக் கணக்கு என்றே போய்விடும். இணையவழிப் பயிற்சிகளை மே மாதமே முடித்துவிட்டால் சில நாள் மிச்சம்.

உயிரியல் ஆய்வகம் என்றால், மிகச் சிறிய அளவுத் திரவத்தை அளந்து எடுக்கும் மைக்ரோபிப்பெட் கைக்குப் பழகவேண்டும். அழுத்தும் குமிழில் இரண்டு நிறுத்தங்கள். முதல் நிறுத்தம் வரை அழுத்தி, முனையைத் திரவத்தில் இரண்டு மூன்று மில்லிமீட்டர் மட்டும் முக்கி, மெல்ல விடுங்கள். இரண்டாம் நிறுத்தம் வெளியேற்றுவதற்கு மட்டுமே. உறிஞ்சும்போதே அதுவரை அழுத்தினால் அளவு கூடிப்போகும், பி.சி.ஆர். (டி.என்.ஏ.வைப் பல மடங்காகப் பெருக்கும் முறை) ஏன் வரவில்லை என்று நாள்கணக்கில் தேடவேண்டும். சோதிக்க வழி எளிது: 1000 மைக்ரோலிட்டர் தண்ணீரைத் தராசில் விடுங்கள். அறை வெப்பத்தில் 0.998 கிராம் பக்கத்தில் நின்றால் கை சரி. பி.சி.ஆரில் டி.என்.ஏ. இல்லாத ஒரு குழாயை எப்போதும் கூடவே ஓட்டுங்கள். பிறகு ஜெல்லில் பார்க்கும்போது அதிலும் டி.என்.ஏ. பட்டை தெரிந்தால் எங்கோ கலப்படம்.

டி.என்.ஏ. துண்டுகளை மின்சாரத்தால் நகர்த்திப் பிரிக்கும் ஜெல்லுக்கு, 50 மில்லிலிட்டர் டி.ஏ.இ. கரைசலில் (மின்சாரம் கடத்தும் தாங்கல் கரைசல்) 0.5 கிராம் அகரோஸ் என்ற ஜெல் தூள். கரைசலுக்குப் பதில் வெறும் தண்ணீரில் காய்ச்சிவிட்டால் பட்டைகள் ஒழுங்காக நகரா. மாதிரியை இடும் குழிகள் கறுப்பு (எதிர்) மின்முனைப் பக்கம் இருக்கவேண்டும், மாற்றி வைத்தால் மாதிரி ஜெல்லைவிட்டே வெளியே ஓடிவிடும்.

ஆய்வகத்தில் கற்றதை வகுப்புக்குக் கொண்டுபோக நீங்கள் எழுதவேண்டிய பாடத்திட்டத்தைக் கடைசி வாரத்துக்குத் தள்ளுவதுதான் அதிகம் பேரைக் கவிழ்க்கிறது. ஆய்வகத்தில் செய்வதைப் பள்ளியில் அப்படியே செய்யமுடியாது, டி.என்.ஏ.வை ஒளிரச்செய்யும் ஆபத்தான சாயமான எத்திடியம் புரோமைடை வகுப்புக்குள் கொண்டுவரவே கூடாது. அதே தத்துவத்தை உணவு நிறங்களை வைத்துக் காட்டலாம்: லிட்டருக்கு 2 கிராம் சமையல் சோடா கரைத்து, அதிலேயே ஜெல்லும் செய்து, ஐந்து 9 வோல்ட் பேட்டரிகளைத் தொடராக இணைத்தால் நிறங்கள் கண்முன்னே பிரியும். பேட்டரி இணைந்திருக்கும்போது கரைசலில் யாரும் கைவைக்கக் கூடாது. இதை ஆய்வகத்திலேயே மூன்றாம் வாரத்தில் ஓட்டிப் பாருங்கள். பிசகினால் கேட்க ஆள் பக்கத்திலேயே இருப்பார்.

உதவித்தொகைக்கு வரி உண்டு. பல பல்கலைக்கழகங்கள் பிடித்தம் செய்யாமல் முழுத்தொகையாகக் கொடுத்துவிடும். அப்படியானால் செப்டம்பர் நடுவில் வரும் காலாண்டு வரித் தவணையைக் கவனியுங்கள். பாடத்திட்டத்தை ஒப்படைத்த பிறகே கடைசித் தவணை தரும் இடங்களும் உண்டு, அதைக் கையெழுத்துக்கு முன் படித்துவிடுங்கள்.

கிளம்புமுன் இரண்டு காரியம். எந்தப் படங்களை, எந்தத் தரவை வகுப்பில் காட்டலாம் என்று பேராசிரியரிடம் எழுத்தில் அனுமதி வாங்குங்கள், இன்னும் பிரசுரமாகாத முடிவுகளுக்கு இது கட்டாயம். ஆய்வகம் ஒதுக்கிவைத்த பழைய பிப்பெட்டுகளைப் பள்ளிக்குத் தருவார்களா என்றும் கேளுங்கள்.