வெனிஸ்ல ப்வாரோ மீசை

நேத்து நைட் ஷோ 'எ ஹாண்டிங் இன் வெனிஸ்' பாத்துட்டு வந்தேன். கென்னத் பிரானாவே டைரக்ட் பண்ணி டிடெக்டிவ் ப்வாரோவா நடிக்கிற மூணாவது படம். அகதா கிறிஸ்டி 1969ல எழுதின 'ஹாலோவீன் பார்ட்டி' தான் மூலக்கதையாம், ஆனா புக்க மனசுல வச்சுக்கிட்டு போனா ஒண்ணும் கிடைக்காது, ஏன்னா அதுல இங்கிலீஷ் கிராமம், கொலைய கண்ணால பாத்தேன்னு பீத்திக்கிற 13 வயசு ஜாய்ஸ ஆப்பிள் மிதக்குற தொட்டியிலயே முக்கி கொன்னுருவாங்க, இங்க என்னடான்னா 1947 வெனிஸ், பாழடைஞ்ச மாளிகை, அதே ஜாய்ஸ் பேர்ல ஆவியோட பேசுற மிஷல் யோ! தொட்டியில தலை முங்குறது இந்தவாட்டி நம்ம ப்வாரோவுக்கு.

எனக்கு கோவம்லாம் வரல. நாவலே சுமார்தான் (சண்டைக்கு வராதீங்க). மழை, இருட்டு, கோணல்மாணலா கேமரா, பேய் நிஜமோன்னு ப்வாரோவே தடுமாறுறது எல்லாம் சூப்பர். ஆனா 1989லேர்ந்து 2013 வரைக்கும் டிவில ப்வாரோவா வந்த டேவிட் சூஷே, அந்த குட்டிக்குட்டி நடை, அதையே பாத்து பழகின கண்ணுக்கு பிரானா மீசை இன்னும் ஒட்டவே மாட்டேங்குது. கொலைகாரர் யாருன்னு இன்டர்வெல்லயே தெரிஞ்சுபோச்சுன்னு வீட்ல அளந்துவிட்டிருக்கேன், பொய்தான்.