பால்மரப் பாலும் ஜரிகையும்: என் போர்ட்ஃபோலியோ இப்ப எந்த நிலைமையில இருக்கு

டெக்ஸ்டைல் படிக்கிற பொண்ணோட போர்ட்ஃபோலியோவுல ரப்பர் பாலுக்கு என்ன வேலைன்னு நிறைய பேரு கேட்டுட்டீங்க, தனித்தனியா பதில் சொல்றதுக்கு பதிலா இங்கயே எழுதிடுறேன்.

எனக்கு ரெண்டே பொருள்தான். ஒன்னு, கோலாலம்பூர்ல மஸ்ஜித் இந்தியா பக்கம் ஒரு தையக்கடையில பிளவுஸ் வெட்டினதுக்கு அப்புறம் மிச்சம் விழற ஜரிகைத் துண்டுங்க. அந்த கடை அக்கா எனக்காகவே ஒரு பையில சேர்த்து வெச்சிடுவாங்க. இன்னொன்னு பால்மரப் பால், அதாவது ரப்பர் மரத்துப் பால். எங்க அப்பா வீட்டு பக்கம் எல்லாருமே சிலாங்கூர்ல ரப்பர் தோட்டத்துல இருந்தவங்க, அத்தை கல்யாணம் ஆகிப் போற வரைக்கும் பால் வெட்டுற உளி பிடிச்சவங்க. விடியறதுக்கு முன்னாடி பால் வெட்ட கிளம்பும்போது பழைய கைலியும் முழுக்கை சட்டையும்தான் போட்டுக்குவாங்களாம், ஜரிகை வெச்ச சேலை பெட்டியிலயே இருக்கும், தீபாவளிக்கும் கோயில் திருவிழாவுக்கும் மட்டும்தான் வெளிய வரும். ஒரே பொம்பளையோட ரெண்டு துணி, ஆனா ஒன்னு கிட்ட ஒன்னு போகாது, ஏன்னா பால் பட்டுச்சுன்னா அந்த துணி அவ்வளவுதான், எந்த சோப்புக்கும் போகாது. நான் அந்த ரெண்டையும் ஒரே மேசையில வெச்சு சேர்க்கிறேன். என் வேலை மொத்தமே இதுதான்.

சேர்த்தா என்ன ஆகும்னு பார்க்கிறதுதான் எனக்கு ரொம்ப பிடிச்ச பகுதி. கடையில வாங்குற பால் கெட்டியானது, 60 சதவீதம் கிட்ட ரப்பரே இருக்கும், உறையாம இருக்க அமோனியா கலந்திருப்பாங்க, மூடியைத் திறந்தாலே மூக்கு எரியும், அதனால எல்லாமே எங்க ஃப்ளாட் பால்கனியிலதான். பிரஷ்ல தடவும்போது வெள்ளையா இருக்கும், காய காய தேன் நிறத்துக்கு மாறி உள்ள இருக்கிற ஜரிகை கண்ணாடிக்குள்ள இருக்கிற மாதிரி தெரியும். அழகா இருக்கும், ஆனா நிக்காது. செம்புக்கும் ரப்பருக்கும் ஆகவே ஆகாது, செம்பு பட்ட ரப்பர் சீக்கிரமே பிசுபிசுத்து உருகி கெட்டுப்போயிடும், ரப்பர் தொழில்ல இருக்கிறவங்களுக்கு இது பழைய சமாச்சாரம். விலை கம்மியான ஜரிகையில நிறைய செம்புக் கம்பிதான், மேல வெள்ளியோ தங்க நிறமோ பூசியிருப்பாங்க. அதனால ஒவ்வொரு துண்டையும் ஊசியால லேசா சுரண்டிப் பார்த்து, செவப்பா தெரியறது ஒரு பக்கம், பாலியஸ்டர் மினுமினுப்பு ஜரிகை ஒரு பக்கம்னு பிரிச்சு, ரெண்டு மேலயும் ஒரே நாள் பால் தடவி ஜன்னலோரம் தொங்க விட்டேன். பாலியஸ்டர் துண்டு அப்படியே இருக்கு. செம்புத் துண்டுல முதல்ல ஓரத்துல லேசா நீலப்பச்சை கசிஞ்சுச்சு, அது அமோனியா செம்பைத் தொட்ட வேலை, அப்புறம் ஜரிகை ஓடுற கோடு மட்டும் காபி நிறமாகி விரல் வெச்சா ஒட்டுது. மாங்காய் டிசைன் முழுசா அந்த காபி நிறத்துலயே தெரியுது, நான் ஒரு சொட்டு சாயம் போடல.

இத தேதி போட்டு போட்டோ எடுத்து பக்கம் பக்கமா வெச்சிருக்கேன். லெக்சரர் பார்த்துட்டு ஃபைனல் பீஸ் எங்கேம்மான்னு கேட்டாங்க. நியாயமான கேள்விதான், ஆனா என்னைப் பொறுத்தவரைக்கும் மாறிக்கிட்டே இருக்கிற இந்தத் துண்டுங்கதான் பீஸ். ஈவா ஹெஸ்ஸின்னு ஒரு அமெரிக்க சிற்பி 1969ல மெல்லிய சல்லாத் துணியில லேட்டக்ஸும் (அதே ரப்பர் பால்தான்) ஃபைபர்கிளாஸும் போட்டு ஒரு பெரிய வேலை செஞ்சாங்க, இப்ப அது ஆஸ்திரேலியா நேஷனல் கேலரியில இருக்கு. லேட்டக்ஸ் வயசாகி நிறம் மாறி விறைச்சுப் போயிடுச்சு. அடுத்த வருஷமே அவங்க இறந்துட்டாங்க, 34 வயசுதான். அந்த வேலையோட போட்டோவைப் பார்த்தப்பதான் எனக்கு தைரியமே வந்துச்சு, கெட்டுப்போற பொருள்ல வேலை செய்யறது தப்பில்ல, அது கெடுறதையும் கணக்குல எடுத்துக்கிட்டா போதும்.

தையலுக்கு வரேன். மரத்துல வெட்டுற கோடு இடது பக்கம் மேல ஆரம்பிச்சு வலது பக்கம் கீழ இறங்கும், பால் ஓடுற குழாய்ங்க மரத்துக்குள்ள எதிர்ப்பக்கமா சாய்ஞ்சு ஏறுறதால அப்படி வெட்டினாத்தான் நிறைய குழாய் அறுபட்டு பால் நல்லா வரும். என் காந்தா தையல், அதாவது சின்னச் சின்ன ஓட்டுத் தையல், எல்லாம் அதே சாய்வுலதான் ஓடுது, ஒன்னுக்கு கீழ ஒன்னா நெருக்கமா. அத்தை வீட்டுக்கு வந்தப்ப துணியைக் கையில எடுத்து விரலால கோட்டைத் தடவிப் பார்த்துட்டு, "பட்டையை ரொம்ப தடிமனா சீவுற மாதிரி இருக்குடி, கங்காணி பார்த்தா திட்டுவாரு, இன்னும் மெல்லிசா எடு"ன்னாங்க. அதுக்கப்புறம் ஆறு இழை நூலைப் பிரிச்சு ஒத்தை இழையிலதான் தைக்கிறேன். கண்ணு வலிக்குது, ஆனா கோடு இப்பதான் சரியா விழுது.

கேஎல்ல (கோலாலம்பூர்தான்) இருக்கிற டெக்ஸ்டைல் பசங்க தேசிய ஜவுளி மியூசியத்துக்கு ஒரு தடவையாவது போயிடுங்க, டத்தாரான் மெர்டேகா பக்கத்துல செங்கல்லும் வெள்ளையும் கோடு கோடா இருக்கிற அந்த 1905 கட்டடம். சொங்கெட்ங்கிற மலாய் ஜரிகைத் துணியோட உலோக நூலை கிட்ட நின்னு பாருங்க, நெசவுல எங்க மேல வருது எங்க கீழ போகுதுன்னு தெரியும். நான் அங்க நின்னு வரைஞ்ச ஸ்கெட்ச் நாலஞ்சு பக்கம் போர்ட்ஃபோலியோவுல இருக்கு.

பத்திக் சாயத்தோட ஒரு முயற்சியும் ஓடிட்டு இருக்கு. பத்திக்ல மெழுகு தடவின இடத்துல சாயம் ஏறாது, நான் அந்த மெழுகுக்குப் பதிலா பால் தடவி, ரெமாசோல்ங்கிற துணிச் சாயம் போட்டு, சோடியம் சிலிகேட்ல சாயத்தை நிறுத்தி, அப்புறம் பாலை உரிச்சு எடுக்கிறது. காட்டன்ல நூலுக்குள்ள இறங்கிடுது, உரியவே மாட்டேங்குது, வழுவழு பட்டுல நல்லா வருது. இது இன்னும் முடியல, முடிஞ்சதும் போட்டோவோட போடுறேன்.

பால் தடவின சாம்பிளை யாராவது ஃபைல்ல வைக்கப் போறீங்கன்னா நடுவுல கேக் சுடுறப்ப தட்டுல போடுற பேக்கிங் பேப்பர் வெச்சு கொஞ்சம் பவுடர் தூவிடுங்க, வெயில் படாம வைங்க, இல்லன்னா ஒன்னோட ஒன்னு ஒட்டிக்கும். அப்புறம் உங்க வீட்ல கிழிஞ்சு போன பழைய சேலையோட ஜரிகைக் கரை ஏதாவது சும்மா கிடந்தா எனக்கு ஒரு சாண் துண்டு குடுங்க, எந்த வருஷம் எங்க வாங்கினதுன்னு தெரிஞ்சா அதையும் சொல்லுங்க, சாம்பிள் பக்கத்துலயே எழுதி வைப்பேன்.