ஆரஞ்சுப் பேய்: ஒத்திகை நாட்குறிப்பு

ஜூன் 3, செவ்வாய்

ஆட்டக்காரனைப் பேய்கள் துரத்தும் பேக்-மேன் என்ற வீடியோ விளையாட்டை நடனமாக்குகிறார்கள்; அதன் நான்கு பேய்களையும் பயிற்சி மாணவர்களான எங்கள் நால்வருக்கும் இன்று பிரித்துக் கொடுத்துவிட்டார்கள். சிவப்பு நேராகத் துரத்தும். இளஞ்சிவப்பு, ஆட்டக்காரன் போகும் திசையில் நான்கு கட்டம் முன்னதாகவே போய் மறிக்கப் பார்க்கும். நீலமோ சிவப்பு நிற்கும் இடத்தையும் கணக்கில் சேர்த்தே தன் வழியை முடிவு செய்யும். எனக்கு வாய்த்தது ஆரஞ்சு: தொலைவில் இருக்கும்வரை சிவப்பைப் போலவே துரத்திவிட்டு, எட்டுக் கட்டத்துக்குள் நெருங்கியதும் திரும்பி இடது கீழ் மூலைக்கு ஓடிவிடுகிற பேய். 1980இல் ஒரு விளையாட்டுக்குள் இவ்வளவு குணபேதம் வைத்திருக்கிறார்கள் என்பது எனக்குப் புதிய செய்தி.

அம்மா, "பரதநாட்டியம் கத்துக்கிட்டதெல்லாம் பேய் வேஷம் கட்டத்தானா?" என்று கேட்டுவிட்டு, முழங்காலுக்குத் தைலத்தைச் சுட வைத்துக் கொடுத்தார்.

ஜூன் 5, வியாழன்

மழை. இந்திரா நகர் மெட்ரோப் படிகளில் இறங்கும்போது முழங்கால் மறுபடியும் கடக்கென்றது.

ஜூன் 9, திங்கள்

விளையாட்டின் தொடக்கத்தில் பேய்கள் 7 விநாடி ஆளுக்கொரு மூலைக்குக் கலைந்துபோகும், பிறகு 20 விநாடி துரத்தும். அந்த ஏழு விநாடியை எப்படி எண்ணுவது என்று எல்லோரும் திணறியபோது நான் "தகிட தகதிமி" என்று சொல்லிக் காட்டினேன். ஏழு ஏழாக எண்ணும் மிஸ்ர நடை இந்த ஊர் ஸ்டுடியோவில் இப்படி உதவும் என்று என் குருவே நினைத்திருக்க மாட்டார். பொறியியல் கல்லூரியிலிருந்து வந்திருக்கும் பயிற்சி மாணவர், கூரைக் கேமராவைக் கொண்டு எங்கள் இடத்தைக் கண்டறிந்து, எட்டுக் கட்ட வட்டத்தைத் தரையில் ஒளியாக விழச் செய்கிறார்.

அந்த வட்டத்தின் விளிம்பைத் தொட்ட கணத்தில், முழங்காலை மடக்கிப் பாதி தாழ்ந்து நிற்கும் அரைமண்டியில் அமர்ந்தபடியே எடையை வலக் குதிகாலுக்கு மாற்றி, முதலில் தோளையும் பிறகு இடுப்பையும் திருப்பினேன். கண் மட்டும் ஆட்டக்காரனை விட்டு அகலாமல் நின்றது. கை போன வழியே கண் போக வேண்டும் என்று பழகிய உடம்புக்கு அது எதிர்த் திசை. எல்லோரும் நின்று பார்த்தார்கள். நடன அமைப்பாளர், படைப்பின் நடு முடிச்சு இதுவேதான் என்றார்.

ஜூன் 10, செவ்வாய்

பார்வையாளர்களுக்குக் கொடுக்கும் நிகழ்ச்சிக் கைப்பிரதியின் முன்வரைவு வந்திருக்கிறது. கருத்தும் நடன அமைப்பும் ஒரே பெயரில். நாங்கள் "பயிற்சி மாணவர்கள்" என்ற ஒற்றை வரியில், பெயரில்லாமல். முதல் நாளிலிருந்து எங்களிடம் சொல்லப்பட்டதோ கூட்டுப் படைப்பு என்று.

ஜோர்டன் மெக்னர் தம் தம்பியை ஓடவும் தாவவும் வைத்துப் படம்பிடித்து, அதை ஃபிரேம் ஃபிரேமாகப் பிரதியெடுத்துத்தான் 1989இல் வெளிவந்த 'பிரின்ஸ் ஆஃப் பெர்ஷியா' என்ற கணினி விளையாட்டின் இளவரசனை ஓட வைத்தார். உலகமெங்கும் பிள்ளைகள் விசைப்பலகையில் ஓட்டியது அந்தத் தம்பியின் கால்களை. இன்றிரவு இதைத் தவிர வேறெதையும் நினைக்க முடியவில்லை.

ஜூன் 11, புதன்

அரைமண்டி கூடாது என்று பிசியோதெரபிஸ்ட் சொல்லிவிட்டார்.

ஜூன் 14, சனி

என் திரும்பலைச் சிவப்பு ஆடுகிறார். நான் ஒலிப்பெட்டிக்குப் பக்கத்தில் நாற்காலியில் உட்கார்ந்து அவருக்குச் சொல்லிக் கொடுக்கிறேன். அவர் முகத்தை முதலில் திருப்பிவிடுகிறார். அப்படித் திருப்பினால் அது பயந்து ஓடுவதாகத் தெரிகிறதே தவிர, மனமில்லாமல் விலகுவதாகத் தெரியவில்லை. மூன்றாவது முறை சொன்னபோது அவருக்கே சலித்துவிட்டது. நல்ல பையன், தாவல்களில் அவரை மிஞ்ச ஆளில்லை, ஆனால் தயங்கத் தெரியாது.

கல்லூரிப் படிவத்தில் மணிநேரக் கணக்கும் கையெழுத்தும் கேட்கிறார்கள். உட்கார்ந்து சொல்லிக் கொடுத்த நேரத்தை எந்தக் கட்டத்தில் எழுதுவது?

எங்கள் படைப்பின் கடைசிக் காட்சி, பேக்-மேனின் 256ஆம் நிலை. நிலையின் எண்ணை, 255 வரை மட்டுமே கொள்ளும் ஒரே பைட் நினைவகத்தில் வைத்திருந்ததால், அதைத் தாண்டியதும் கணக்கு நிரம்பி வழிந்து, திரையின் வலப்பாதி எழுத்தும் குறியுமாகச் சிதைந்துவிடும். மேடையின் வலப்பாதியிலும் எங்கள் அசைவுகள் அவ்வாறே ஒன்றுக்குள் ஒன்று கலந்துவிட வேண்டுமாம். யாருடையது எது என்று பிரிக்க முடியாதாம். மேடைக்கு அது அழகு. கைப்பிரதிக்கு அதையே பொருத்துவது வசதி.

ஜூன் 16, திங்கள்

வீக்கம் வடிந்திருக்கிறது! அம்மா தைலத்துக்கே பெருமை சேர்க்கிறார்.

ஜூன் 18, புதன்

அரைமண்டி இல்லாமல், நின்ற நிலையிலேயே அந்தத் திரும்பலைச் செய்து காட்டினேன். கண் அகலாமல் நின்றால் போதும், உயரம் ஒரு பொருட்டில்லை என்று நீலம் சொன்னார். நடன அமைப்பாளர் எதுவும் சொல்லாமல் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டார். ஆரஞ்சு திரும்ப எனக்கா என்பது வெள்ளிக்கிழமைக்குள் தெரியும் என்கிறார்கள்.

கைப்பிரதி நாளை மாலை அச்சுக்குப் போகிறது. பெயர்களைப் பற்றிப் பேசக் காலை பத்தரை மணிக்கு நேரம் கேட்டிருக்கிறேன். பொறியியல் மாணவரும் நீலமும் உடன் வருகிறார்கள். சிவப்பு யோசித்துச் சொல்வதாகச் சொல்லியிருக்கிறார்.