பாலம் வரும் முன்

நவம்பர் 9
குளிர்கால டயர் மாட்டியாயிற்று. முன்னால் இரண்டு மட்டும் மாற்றினால் போதாதா என்று கேட்டேன். மாட்டிக்கொண்டிருந்தவர் நிமிர்ந்து பார்த்தார். முன் சக்கரம் பிடித்துக்கொள்ளும், பின் சக்கரம் வழுக்கும், வளைவில் வண்டி பம்பரமாகச் சுற்றும் என்றார். சரி, நான்கும். 7 டிகிரிக்குக் கீழே போனால் சாதாரண டயரின் ரப்பர் இறுகிப்போகிறது; இது இளக்கமாகவே இருக்கும். நகத்தால் அழுத்திப் பார்த்தேன், அழிரப்பர் மாதிரி அமுங்கியது.

ஓட்டுநர் இருக்கை இன்னும் அண்ணன் வைத்தபடியேதான் இருந்தது. இன்று முன்னால் நகர்த்தினேன். என் கால் எட்ட வேண்டுமே.

நவம்பர் 11
அம்மாவுக்கு டயாலிசிஸ் செவ்வாய், வியாழன், சனி. காலை ஆறரைக்குள் அங்கே இருக்க வேண்டும். மழைதான், பனி இல்லை.

நவம்பர் 14
தூக்கம் வரவில்லை. போகும் வழியில் இருக்கும் அந்தப் பாலம்தான். மற்ற சாலைக்கு அடியில் மண் இருக்கிறது, பகலில் வாங்கிய சூட்டைக் கொஞ்சநேரமாவது வைத்திருக்கும். பாலத்துக்கு மேலேயும் காற்று, கீழேயும் காற்று. அதனால் அதுதான் முதலில் உறையும். அதுவரை வெறும் ஈரச் சாலையில் வந்துகொண்டிருப்போம், பாலத்தில் ஏறியதும் கண்ணாடி. பிளாக் ஐஸ் என்கிறார்கள், அது கறுப்பே இல்லை. நிறமே கிடையாது. அடியில் இருக்கும் தார் அப்படியே தெரிகிறது, அவ்வளவுதான். கண்ணுக்குத் தெரியாத ஒன்றைப் பார்த்து எப்படிக் காலை எடுப்பது? அண்ணனுக்கும் தெரிந்திருக்காது.

விபத்து நடந்த அன்று அவன் இந்த வண்டியில் போகவில்லை. இதில் போயிருந்தால் என்று நினைக்கக் கூடாது.

நவம்பர் 23
முதல் பனி. டிரைவிங் மாஸ்டர் யாருமில்லாத ஒரு வாகன நிறுத்துமிடத்துக்கு அழைத்துப்போனார். 30 கிலோமீட்டர் வேகத்தில் போய் பிரேக்கை ஒரே மிதியாக மிதிக்கச் சொன்னார். மிதித்தேன். காலடியில் யாரோ சுத்தியலால் அடிப்பதுபோலத் தடதடவென்று உதறியது, பயந்து காலை எடுத்துவிட்டேன். வண்டி வழுக்கிக்கொண்டே போய், நிற்க வேண்டிய இடத்தைத் தாண்டி நின்றது.

"காலை எடுக்காதம்மா. அது ஏபிஎஸ். சக்கரம் இறுகிடாம விட்டு விட்டுப் பிடிக்குது. நீ அழுத்திக்கிட்டே இரு, ஸ்டீயரிங்கைத் திருப்பு."

ஏழாவது தடவைதான் காலை அப்படியே வைத்திருக்க முடிந்தது. அந்தத் தடதடப்புக்கு நடுவிலும் ஸ்டீயரிங்கைத் திருப்பினால் வண்டி திரும்பியது! இதை ஒரு தடவையாவது காலால் தெரிந்துகொள்ளாமல் யாரும் பனியில் வண்டியை எடுக்கவே கூடாது.

அப்புறம் சறுக்கல். முன் சக்கரம் வழுக்கினால், இன்னும் திருப்பு என்று கை துடிக்கிறது, திருப்பக் கூடாது. ஆக்ஸிலரேட்டரை விட்டு, ஸ்டீயரிங்கைக் கொஞ்சம் நேராக்கிக் காத்திருக்க வேண்டும். வால் வழுக்கினால், வால் போகும் பக்கமே திருப்ப வேண்டும். எனக்கு வரவில்லை. மூன்று முறை முழுச் சுற்று சுற்றினேன். நான் பனிக் குவியலையே பார்த்துக்கொண்டிருந்தேனாம். "கண்ணு போற பக்கம்தான் கையும் போகும். நீ எங்க போகணுமோ அங்க பாரு."

நவம்பர் 24
கனவிலும் கால் உதறியது.

டிசம்பர் 2
டயரில் காற்று குறைவு என்று விளக்கு எரிந்தது. குளிரில் தானாகவே இறங்குமாம். நிரப்பிவிட்டேன். பின் இருக்கையில் மண்வெட்டி, கம்பளி, டார்ச்.

டிசம்பர் 4
"ஏன்டி ஊர்ந்து போற? பின்னாடி லைட் அடிக்கிறான் பாரு" என்றாள் அம்மா. பனியில் முன் வண்டிக்கும் நமக்கும் எட்டு விநாடியாவது இடைவெளி வேண்டும் என்றேன். எப்படித் தெரியும் என்று கேட்டாள். முன் வண்டி ஒரு விளக்குக் கம்பத்தைத் தாண்டும்போது எண்ண ஆரம்பித்து, நாம் அதே கம்பத்துக்கு வரும்வரை எண்ண வேண்டும் என்று சொன்னேன். அவ்வளவுதான், வழி முழுக்கச் சத்தமாக எண்ணிக்கொண்டே வந்தாள். திரும்பும்போது எண்ணவில்லை. நாலு மணி நேரம் முடிந்து வரும்போது அவளிடம் எதுவும் மிச்சமிருப்பதில்லை.

டிசம்பர் 7
"நாலு சக்கரமும் இழுக்கிற வண்டி வாங்கிடு, கவலையே இல்லை" என்று ஒருவர் போனில். கத்திவிட்டேன். நாலு சக்கரமும் இழுத்தால் கிளம்பலாம், ஏறலாம். நிற்பதற்கு அது என்ன செய்யும்? பிரேக் எல்லா வண்டிக்கும் நாலு சக்கரத்திலும்தான் இருக்கிறது. கிளம்ப முடியாமல் போனவர்களா ஆஸ்பத்திரியில் படுத்திருக்கிறார்கள்?

அண்ணன் இன்று கம்பியைப் பிடித்துக்கொண்டு நாலு எட்டு வைத்தானாம்.

டிசம்பர் 13
இரவு மழை. விடியலில் மைனஸ் 1. கடுங்குளிரைவிட இதுதான் மோசம் என்று மாஸ்டர் சொல்லியிருந்தார். பூஜ்ஜியத்தை ஒட்டி இருக்கும்போதுதான் பனிக்கட்டி ரொம்ப வழுக்கும்.

முன்னால் போன வண்டியின் சக்கரம் தண்ணீரை வாரி இறைத்துக்கொண்டே போனது. பாலத்தில் ஏறியதும் அந்தத் தெறிப்பு சட்டென்று நின்றுவிட்டது. சாலை அதே ஈர மினுமினுப்போடுதான் இருந்தது. தண்ணீர் தெறிக்கவில்லை என்றால் அது தண்ணீர் இல்லை. நான் காலை முன்பே எடுத்திருந்தேன். பிரேக்கைத் தொடவில்லை. ஸ்டீயரிங் கையில் கனமே இல்லாமல் போனது, காகிதத் தட்டைப் பிடித்த மாதிரி. பின்பக்கம் இடதுபுறமாக ஒரு கையளவு நகர்ந்தது. பாலத்தின் அந்தக் கோடியையே பார்த்தேன். கை தானாக இடப்பக்கம் கொஞ்சம் போனது, திரும்பி வந்தது.

அம்மா "ஒன்பது, பத்து" என்று எண்ணிக்கொண்டிருந்தாள். அவளுக்கு ஒன்றும் தெரியாது.

அங்கே போய் அவள் பெல்ட்டைக் கழற்ற எனக்கு இரண்டு நிமிடம் ஆனது.

டிசம்பர் 14
அண்ணனிடம் சொல்லலாமா?

டிசம்பர் 15
நாளை மைனஸ் 12. இந்தக் குளிரில் சாலையில் உப்பு போட்டாலும் சரியாக உருக்காது. நாலு மணிக்கு அலாரம். வண்டிக் கூரைப் பனியை முழுக்க இறக்க வேண்டும், இல்லாவிட்டால் பிரேக் போடும்போது முன் கண்ணாடியில் சரியும். புகைக்குழாயைப் பனி அடைத்திருந்தால் இன்ஜினைப் போடும் முன்பே தோண்டிவிட வேண்டும், விஷப்புகை உள்ளே வந்துவிடும், அம்மா உள்ளே உட்காரும் வண்டி. அவள் பையைக் கதவருகே வைத்துவிட்டேன்.

மூன்று மணிக்கே எழுந்து பார்த்தேன். விழத் தொடங்கிவிட்டது.